நான்கு மையங்களை ஒன்றாக்கிய சஃப்ரீன்

செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் நான் நிர்வாகி. பெயர் ருக்மிணி, எல்லோருக்கும் ருக்கு. மாட்டுங்காவில் பிறந்து, கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்தவள். பம்பாயை விட்டு வேறெங்கும் இருந்ததில்லை. சஃப்ரீனைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் எனக்கு வந்தபடி நானே எழுதுகிறேன்.

அவளுடைய வேலைக்குப் பெயர் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட். அவளைப் பார்க்கும்வரை அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் புரோகிராம் எழுதுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களை மேய்க்கிறவர்கள் இருப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

முதலில் எங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டிரஸ்ட்டுக்குச் செம்பூர், வடாலா, காட்கோபர், தாணே என்று நான்கு மையங்கள். சிறுநீரகம் நின்றுபோனவர்கள் வாரம் மூன்று முறை வந்து, நாற்காலியில் சாய்ந்து, மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் உயிருக்கே ஆபத்து. நான்கு மையங்களும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு நன்கொடையாளர்கள் கொடுத்ததில் முளைத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் ஒரு முறை. வடாலாவில் மிஷின் பழுதானால் நான் மற்ற மூன்று இடங்களுக்கும் போன் போட வேண்டும். ஒரு இடத்தில் எடுக்க மாட்டார்கள். இன்னொரு இடத்தில் நாற்காலி காலியாக இருக்கும். ஆனால் வருகிற நோயாளிக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது. இருந்தால் தனி மிஷினில்தான் போட வேண்டும். அதை வடாலாவில் கேட்டுச் சொல்வதற்குள் அந்த நாற்காலியும் போய்விடும்.

இந்த நிலைமையில்தான் ஐரோலியில் இருக்கிற ஒரு கம்பெனி, சமூக சேவையாகத் தங்கள் ஆட்களின் உழைப்பை எங்களுக்குத் தர முன்வந்தது. எங்கள் டிரஸ்ட் தலைவர் பிரம்மநாயகம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். மொபைல் ஆப் ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தார்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ராஹில், காட்கோபரில் வளர்ந்த இளம் இன்ஜினியர். இன்னொருத்தி சஃப்ரீன். நாற்பதை நெருங்குகிற வயது, தலையில் துப்பட்டா, தோளில் கனத்த பை.

பிரம்மநாயகம் சார் ஆப்பைப் பற்றி விளக்கி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டாள்.

"ஆப் செஞ்சிரலாம் சார். அதுக்கு முன்னாடி உங்க நாலு சென்டர்லயும் போய் உக்காந்து கொஞ்ச நாள் பாத்துக்கிடட்டுமா?"

அவள் பேச்சைக் கேட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு எந்தப் பக்கம்மா?"

"பொறந்தது வளந்தது எல்லாம் தாராவி சார். வாப்பாவுக்கு மேலப்பாளையம்."

"அப்ப நம்ம ஊருதான். தாராளமாப் பாருங்க. ஆனா ஆப் மட்டும் மழைக்கு முன்னாடி வந்திரணும்."

அவள் சிரித்தாளே தவிர வாக்குக் கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவளை எந்த மையத்தில் எப்போது பார்ப்போம் என்று சொல்ல முடியாது. தாணேயில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். காட்கோபரில் டெக்னீஷியனோடு தண்ணீர் சுத்திகரிக்கும் அறையில் நிற்பாள். நர்ஸுகள் எதை எங்கே எழுதுகிறார்கள், யார் யாருக்குப் போன் செய்கிறார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் வேலை நிற்கிறது என்று கவனிப்பாள். "இது இல்லேன்னா என்ன ஆகும்?" என்று கேட்பதுதான் அவள் வழக்கம். எரிச்சலாகவே இருக்கும். ஆனால் பதில் சொல்லும்போதுதான், நாங்கள் செய்கிற பாதி வேலை யாருக்கும் தேவைப்படாத வேலை என்று எங்களுக்கே தெரிந்தது.

வடாலா மையத்துக்கு நான் ஒரு நாள் போயிருந்தபோது அவள் பார்வதியம்மாளின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தாள். பார்வதியம்மாள் தாராவியிலிருந்து வருகிறவர். வீட்டில் அவரும் மகன் செல்வமும் மட்டும்.

"நீ யாரும்மா, புதுசா இருக்கியே?" என்று கேட்டார் பார்வதியம்மாள்.

"கம்பெனியில இருந்து வந்திருக்கேன் பெரிம்மா. ஆர்க்கிடெக்ட்."

பார்வதியம்மாளின் முகம் மாறிவிட்டது. "எங்க ரூமை இடிச்சுட்டு பில்டிங் கட்டப் போறவளா? அளக்க வந்தியா? எங்க பேப்பரெல்லாம் கரெக்டா இருக்கு. எம் மவன் வச்சிருக்கான். அவன்ட்ட போய்க் கேளு."

நர்ஸுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சஃப்ரீன் சிரிக்கவில்லை. தாராவியில் அந்தப் பயம் எவ்வளவு நிஜம் என்று அவளுக்குத் தெரியும். "இல்ல பெரிம்மா, எங்க உம்மா இருக்கிற ரூமும் அங்கதான் இருக்கு. நான் வீடு கட்டுற ஆர்க்கிடெக்ட் இல்ல. இங்க மிஷின் ரிப்பேர் ஆச்சுன்னா உங்களை வேற எங்க அனுப்பலாம்னு கம்ப்யூட்டர்ல ஒரு வழி பண்ணப் போறேன்."

"அப்படிச் சொல்லு. போன மாசம் வந்துட்டுத் திரும்பிப் போனேன் பாரு, மூச்சு வாங்கி படி ஏற முடியல."

"உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லலையா?"

"போனு செல்வத்துட்டல்லா இருக்கு. அவன் வேலைக்குக் கொண்டுட்டுப் போயிருவான்."

அவள் அதை மனதில் போட்டுக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அதில் பாதியை மறந்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

டீ குடிக்கும்போது அவளுடைய கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். அவள் வாப்பா ஷேக் பரீத் தோல்பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். உம்மா அக்தர் பானு வீட்டிலேயே சமைத்து, பட்டறை ஆட்களுக்குச் சாப்பாடு கொடுத்தார். சஃப்ரீன் முனிசிபல் பள்ளியில் தமிழில் படித்து, பிறகு இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறி, தடுமாறி எழுந்து, கல்லூரி முடித்துப் புரோகிராம் எழுதுகிற வேலைக்குப் போனாள். வாப்பாவுக்கு மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கடைசிவரை புரியவில்லையாம். ஆனாலும் காலை முதல் பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுக்கத் தினமும் கூடவே நடந்து வந்தாராம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிவண்டிப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு அவளும் மற்றவர்களும் ஒரு வருஷம் பாடுபட்டு ஒரு மென்பொருள் செய்தார்கள். தொடங்கிவைத்தபோது கைதட்டல், கேக், போட்டோ எல்லாம் நடந்தது. சில வாரம் கழித்து வேறு வேலையாக அந்தக் கிடங்குக்குப் போனவள், யாருமே அதைத் தொடாமல் இருப்பதைப் பார்த்தாள். உள்ளே உறைகிற குளிர். எல்லோரும் தடித்த கையுறை போட்டிருந்தார்கள். கையுறையோடு தொட்டால் அந்தத் திரை வேலை செய்யாது. கழற்றினால் விரல் விறைத்துவிடும். செய்த அத்தனை பேரில் ஒருவர்கூடக் கட்டுவதற்கு முன்னால் உள்ளே போய் நின்று பார்க்கவில்லை.

"அன்னிக்கு ரொம்ப அழுதேன் ருக்குக்கா. ஒரு வருஷம் ராப்பகலா செஞ்சது. அடுத்த நாளு என் மேனேஜர்ட்ட போய்ச் சொன்னேன், நான் இனி கட்டுற பக்கம் இருக்க மாட்டேன், கட்டுறதுக்கு முந்தின பக்கம் போறேன்னு. வேற ஒருத்தரா இருந்தா அதுக்கெல்லாம் டிகிரி வேணும், அனுபவம் வேணும்னு சொல்லியிருப்பாங்க. அவங்க சரின்னுட்டாங்க. நான் துஆ கேக்கும்போதெல்லாம் அவங்களுக்கும் சேத்துக் கேப்பேன்."

அந்த முந்தின பக்கம்தான் அவள் வேலை. முதலாளிகள் ஒரு பாஷை பேசுவார்கள், இன்ஜினியர்கள் இன்னொரு பாஷை. இடையில் நின்று, கேட்கிறவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும், இருக்கிற ஆளையும் மிஷினையும் வைத்து எது நடக்கும், எது உடைந்தால் எது தாங்கும் என்று யோசித்து முழுப் படத்தையும் வரைய வேண்டும். வங்கியோ, கடையோ, ஆஸ்பத்திரியோ, இன்றைக்குப் பெரிய இடம் எதுவும் இப்படி ஒருவர் இல்லாமல் புது அமைப்பைத் தொடங்குவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தாள்.

ஒரு சனிக்கிழமை டிரஸ்ட் கூட்டத்தில் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் படம் வரைந்து காட்டினாள். நான்கு மையத்துக்கும் ஒரே நோயாளிப் பதிவு. கிருமி உண்டா இல்லையா, எடை என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். எந்த மையத்தில் எந்த நாற்காலி காலி என்பது எல்லோர் திரையிலும் தெரியும். மாற்றி அனுப்ப வேண்டியவர்களை ஊழியர்களே அவரவர் பாஷையில் போனில் கூப்பிட்டுச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

"ஆப் எங்கம்மா?" என்றார் பிரம்மநாயகம் சார்.

"ஆப் வேண்டாம் சார்."

அவள் மார்க்கரை மூடி வைத்தாள்.

"நம்ம ஆளுங்க நிறையப் பேருக்கு போனே சொந்தமா கிடையாது சார். இருக்கிறவங்களும் படிக்கச் சிரமப்படுதாங்க. உடம்புக்கு முடியாம கிடக்கிறவங்க, நாற்காலி எங்க காலின்னு அவங்களே தேடணுமா? அது நம்ம வேலை. எங்க கம்பெனி குடுத்திருக்கிற நேரத்துல ஆப் செஞ்சா, இந்தப் பதிவைச் செய்ய முடியாது."

அவர் பலகையைப் பார்த்தார். மனதுக்குள் அந்த நிறத்துக்கு விடைகொடுத்தாரோ என்னவோ. "சரி. நீங்க உக்காந்து பாத்திருக்கிய. நான் பாக்கல. செய்யுங்க" என்றார். அந்த வார்த்தைக்காக அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த சண்டை ராஹிலோடு. தினமும் காலையில் ஒவ்வொரு மையத்திலும் மொத்தப் பதிவின் ஒரு நகல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இறங்க வேண்டும், நெட் போனாலும் பார்க்கவும் அச்செடுக்கவும் முடிய வேண்டும் என்று சஃப்ரீன் சொன்னாள்.

"அரே மேம், அதுக்கே தனியா எத்தனை வாரம் ஆகும் தெரியுமா? நெட் எங்க போயிடப் போகுது? இது செம்பூர், காடு இல்ல" என்றான் ராஹில்.

"ஜூலைல வந்து சொல்லு."

"கிளவுட்ல எல்லாம் சேஃப் மேம்."

"கிளவுட்ல சேஃப்தான் ராஹில். இங்க நிக்கிற நர்ஸுக்கு அது எட்டணும்லா? எட்டலேன்னா எவ்வளவு பத்திரமா இருந்து என்ன?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே செய்தான். ஆனால் நன்றாகச் செய்தான்.

வேலை பாதியில் இருக்கும்போதுதான் அது நடந்தது. கம்பெனியில் ஆட்குறைப்பு. சஃப்ரீனின் பெயரும் அதில் இருந்தது. தன் வேலையில் ஒரு குறையும் சொல்லவில்லை, அந்தப் பிரிவையே மூடுகிறார்களாம் என்றாள். ராஹிலை மட்டும் எங்கள் வேலை முடியும்வரை விட்டுவைத்தார்கள். செய்தி வெள்ளிக்கிழமை வந்தது. இனி அவள் வரமாட்டாள், படத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று இரண்டு நாளும் கலங்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் அதே பையோடு வந்து நின்றாள்.

"என்னடீ, ஏன் வந்தே?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஆபீஸ்தான் போச்சுக்கா. இங்க வேலை முடியலையே."

"வேற வேலை தேட வேண்டாமா நீ?"

"தேடுதேன். மத்தியானத்துக்கு மேல தேடுதேன். ஹனீப்கிட்ட கேட்டேன், முடிச்சுட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்னுட்டாக."

அவள் கணவர் முகம்மது ஹனீப் ஏ.சி. பழுதுபார்க்கிறவர். சொந்தமாக ஒரு சின்ன டெம்போ வைத்திருக்கிறார்.

அந்த வாரங்களில் அவள் வெளிக்குத் திடமாகத்தான் இருந்தாள். ஒரு நாள் மட்டும் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். "காலையில கம்பெனி பஸ்ஸு நிக்கிற இடத்துக்குக் கால் தானாப் போவுதுக்கா. அங்க போனப்புறம்தான் ஞாபகம் வருது" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் எல்லாம் ஓடத் தொடங்கியது. ஜூலையில் அந்த மழை வந்தது.

வடாலா மையம் இருக்கிற தெருவில் விடியும்போதே முழங்கால் தண்ணீர். உள்ளே புகுந்து, மின்சாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. காலை நேரத்து நோயாளிகள் அத்தனை பேரையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். செம்பூரில் எங்களுக்கு மின்சாரம் இருந்தது, நெட் போய்விட்டது. கொஞ்சம் முன்பு இறங்கியிருந்த நகலை நானும் சஃப்ரீனும் திறந்தோம். வடாலா நோயாளிகள் ஒவ்வொருவரும் என் கண் முன்னால் இருந்தார்கள். யாரைத் தனி மிஷினில் போட வேண்டும் என்பதும் தெரிந்தது. மற்ற இரண்டு மையங்களோடு போனில் பேசி நாற்காலிகளைப் பிரித்தோம். ராஹில் காட்கோபரில் நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டு எங்களோடு பேசினான். "மேம்கிட்ட சொல்லுங்க, காடுதான், ஒத்துக்கறேன்" என்றான்.

எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியாயிற்று, ஒருவரைத் தவிர. பார்வதியம்மாளின் எண் அணைத்து வைத்திருப்பதாக வந்தது. அது செல்வத்தின் எண். அவன் வேலை பார்க்கிற இடத்தில் போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

சஃப்ரீன் திரையில் இருந்த அந்த ஒற்றை எண்ணைத் தொட்டுக் காட்டினாள். "அவங்க என்கிட்ட நேராவே சொன்னாங்க ருக்குக்கா. போன் எம்மவன்ட்ட இருக்குன்னு. ஆப் வேண்டாம்னு சொல்றதுக்கு அதை எடுத்துக்கிட்டேன். பதிவுல ஒரு நம்பருக்கு மட்டும்தான் இடம் வச்சேன். இது என் தப்பு."

"தப்பை அப்புறம் பேசலாம். இப்ப என்ன பண்றது?"

அவள் ஹனீப்பைக் கூப்பிட்டாள். பதிவில் இருந்த முகவரியைப் படித்தாள். தாராவியில் பிறந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எந்தச் சந்தில் நுழைந்து, எந்த மாவு மில்லைத் தாண்டி, எந்தக் குழாயடியில் கேட்க வேண்டும் என்று போனிலேயே அவரை நடத்திக்கொண்டு போனாள். டெம்போவை மெயின் ரோட்டில் விட்டுவிட்டுத் தண்ணீரில் நடந்தார் ஹனீப். பார்வதியம்மாள் விடிகாலையிலேயே வடாலாவுக்குப் போய், பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து, வீங்கின காலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஹனீப்பும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து டெம்போவில் ஏற்றினார்கள். மத்தியானம் மழை விட்டுத் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் செம்பூர் வந்து சேர்ந்தார்கள்.

பார்வதியம்மாள் மிஷினில் இணைக்கப்பட்டு, மூச்சு சீராகும்வரை சஃப்ரீன் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. "என்னை மன்னிச்சிருங்க பெரிம்மா" என்றாள்.

"எதுக்கும்மா? தண்ணிக்குள்ள ஆளு அனுப்பித் தூக்கிட்டு வந்திருக்க. எங்க சொந்தக்காரங்க செய்வாங்களா இதை?" என்று அவள் கன்னத்தைத் தடவினார் பார்வதியம்மாள்.

அன்றைக்கு வடாலா நோயாளிகளில் ஒருவரும் சிகிச்சை இல்லாமல் வீட்டுக்குப் போகவில்லை. மழை வெறித்ததும் முதல் வேலையாகப் பதிவில் பக்கத்து வீட்டார் எண்ணுக்கும் இடம் வைத்தார்கள். சஃப்ரீன் சொல்லச் சொல்ல, ராஹில் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் செய்தான்.

அதற்குப் பிறகு அவன் அந்தக் கம்பெனியை விட்டு, ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு இடத்துக்கு மாறினான். நேர்முகத்தில் அவனிடம் நீ செய்ததிலேயே நல்ல வேலை எது என்று கேட்டிருக்கிறார்கள். செம்பூர் கதையைச் சொல்லியிருக்கிறான். அந்தப் படத்தை யார் வரைந்தது என்று கேட்டார்களாம். இவன் சஃப்ரீனின் பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தான். தாணேயில் இருக்கிற அந்த இடத்தில்தான் சஃப்ரீன் இப்போது ஆர்க்கிடெக்ட். பழைய வேலையைவிடப் பிடித்திருக்கிறது என்கிறாள்.

வேலை கிடைத்த வாரம் பெட்டி நிறைய அதிரசமும், அக்தர் பானு அம்மாள் தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பமும் எடுத்துக்கொண்டு வந்தாள். நோயாளிகளுக்கு இனிப்பு ஆகாதே என்று ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்தாள். பிரம்மநாயகம் சார் ஒரு சால்வையோடு தயாராக இருந்தார். போர்த்திவிட்டு, மையம் மையமாகப் பெயர் சொல்லி அவளுக்கு நன்றி சொன்னார்.

அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீங்க எல்லாரும் எனக்கு நன்றி சொல்லுதீங்க. வேலை இல்லாத அந்த மாசங்கள்ல காலையில எந்திரிச்சுப் போறதுக்கு எனக்கு ஒரு இடம் இருந்துச்சுக்கா. போன உடனே நீங்க டீ குடுத்தீங்க. சஃப்ரீன் வந்தாச்சான்னு யாராவது கேட்டாங்க. அது இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல."

நாங்கள்தான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படி ஒரு கணக்கை வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். பிறகு காட்கோபரிலிருந்து போன் வந்தது, ஒரு நாற்காலி காலியாகியிருக்கிறது, யாரை அனுப்புகிறீர்கள் என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்க்கப் போனேன்.